சோற்றை விட்டுப் போகிற கைகள்

மச்சி,

நீ பூசிய சஹன் தட்டுச் சித்திரத்துக்குக் கீழே ஒரு கோப்பையில் ஒரு பிடி நெய்ச்சோறு புளித்துக் கிடக்கிறது. நான்தான் வைத்தேன். யன்னலையும் சாத்திவிட்டேன். மருமகள் வாசலோடு நின்று, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "மாமி, உள்ளுக்கு என்ன செத்துக் கிடக்குது?" என்று கேட்டாள். "ஒண்டும் சாகல்ல புள்ள, நீ போய் உன்ட வேலையப் பாரு" என்று அனுப்பிவிட்டேன். நாற்றம் மூக்கில் ஏறித் தொண்டையில் வந்து நிற்கிறது. நீ மவுத்தான பிறகு உன்னை இவ்வளவு கிட்டத்தில் உணர்ந்தது இன்றைக்குத்தான். அத்தர் மணத்தோடு ஞாபகம் வருகிறவர்கள் இருக்கிறார்கள். நீ அப்படிப்பட்டவள் இல்லை.

ஆனால் நாற்றத்தின் கதைக்கு முன்னால் பிள்ளைகளின் கதையைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நீ பொறுக்க மாட்டாய். நான் பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய் வந்து செருப்பைக் கழற்று முன்பே, "புள்ளைகள் என்ன செய்யுதுகள் மதினி?" என்றுதான் கேட்பாய். உன் கூடப்பிறந்த நானாவை, அவர் என் புருஷனாகவும் இருந்தாரே, அவரைக்கூட இரண்டாவதாகத்தான் விசாரிப்பாய்.

ஆகவே கேள். மூத்த மகன் வீட்டு ரிஹானா தில்லையடிப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறாள். அவள் வகுப்புக்குள் நுழைந்தால் ஈ கூடப் பறக்காதாம். அவளுடைய தம்பி கட்டாரில் ஏசி திருத்தப் போனவன், இப்போது தனக்குக் கீழே ஆட்களை வைத்து வேலை வாங்குகிறான். சின்ன மகன் வீட்டு இளையவன் குர்ஆனை முழுதாக மனனம் செய்து, ஓதும் போட்டியில் ஒரு கிண்ணம் வாங்கினான். அது என் அலுமாரிக்கு மேலேதான் இருக்கிறது. தூசு படக்கூடாதென்று நானே துடைக்கிறேன். அவனுக்கு மூத்தவள், ராத்தா, சிலாபம் ஆஸ்பத்திரியில் தாதி. அவள் சிங்களம் கதைத்தால் அங்குள்ள பெண்கள் தங்கள் ஊர்ப் பிள்ளை என்றுதான் நினைக்கிறார்களாம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு இவ்வளவும் கிடைத்திருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். பெருமை கூடாது என்று மௌலவிமார் சொல்வார்கள். நான் ஓம் என்று தலையாட்டிவிட்டு வந்து, அடுத்த வீட்டில் போய் மறுபடி முதலிலிருந்து சொல்வேன்.

அர்ஷாத்தைக் கடைசிக்கு வைத்தேன். என் மூத்த மகளின் மகன். தாயின் மடியைவிட உன் தோளில் அதிகம் கிடந்தவன், தாயைப் பார்த்துத் தானும் உன்னை மாமி என்றே கூப்பிட்டவன். அவன் பாலாவியில் சொந்தமாகக் கலியாண மண்டபம் கட்டித் திறந்துவிட்டான் மச்சி. லொறிகளும் பஸ்களும் திரும்புகிற சந்தியில் நின்று பார்த்தாலே, உப்பளத்துக்கு அந்தப் பக்கம் வெள்ளை வெளேரென்று தெரியும். ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம், தொழுவதற்குத் தனி அறை, கை கழுவுவதற்குப் பத்துப் பேர் ஒன்றாக நிற்கக்கூடிய பீங்கான் தொட்டிகள். நான் பெற்ற மகளின் மகன் கட்டியது. கற்பிட்டியிலிருந்து வான் வண்டியில் ஏறிப் போனபோது என் நெஞ்சு நிறைந்து, வழியில் கண்ட மாட்டுக்குக்கூட இதைச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

அந்த நிறைவு மண்டபத்தின் வாசல் வரைக்கும்தான்.

"உம்மம்மா, கண்ண மூடிக்கிட்டு வாங்க" என்று அர்ஷாத் என் கையைப் பிடித்தான்.

"மூடினா விழுந்திருவன்டா. மண்டபம் தொறக்க வந்து மையத்தாப் போகவா?"

"நான் புடிச்சிக்கிறன். வாங்க. ம்ம், இப்ப தொறங்க."

பெண்கள் பக்கத்துச் சுவர் முழுவதும், தரையிலிருந்து கூரை வரைக்கும், உன் சித்திரம். என் அறையில் அலுமாரிக்குப் பின்னால் சுவரைப் பார்த்து நிற்கிற பலகையைப் போனில் படமெடுத்துப் போயிருக்கிறான். அதைப் பெரிதாக்கி அச்சடித்து ஒட்டியிருக்கிறான். ஆறு பேர் ஒன்றாக இருந்து தின்கிற வட்டமான பெரிய சஹன் தட்டு. தட்டில் சோறு. சுற்றிலும் கைகள். எல்லாம் நீ வைத்த இடத்திலேயே இருந்தன. நிறம் மட்டும் உன்னுடையது இல்லை.

சோறு மஞ்சள். கலியாண அழைப்பிதழ்களில் மினுங்குகிற அந்த மஞ்சள். அதற்கு மேலே முந்திரிகை, உலர் திராட்சை, பொரித்த கோழிக்கால், நீ வைக்காதவை எல்லாம். கைகளுக்குச் சிவப்பாகத் தோல் போட்டிருந்தார்கள். நீ நீலத்தில் பூசியிருந்த கையின் இடத்தில் ஒரு மெல்லிய பொம்பிளைக் கை, நகத்தில் மினுக்கம், உள்ளங்கையிலிருந்து மணிக்கட்டு வரை மருதோன்றிப் பூ. அழுகிய மீனுக்கு வாசனைத் தண்ணீர் தெளித்து விற்பதைக் கண்டவளைப் போல நின்றேன்.

"என்ட உம்மா வாப்பாட கலியாணச் சஹன்" என்றான் அர்ஷாத், வந்திருந்த எல்லாருக்கும் கேட்கும்படி. "எங்கட மாமி செஞ்சது. பழசாகி நிறம் செத்துப் போயிரிந்திச்சி. கம்பியூட்டர்ல போட்டுத் துப்புரவாக்கினோம். எப்பிடி உம்மம்மா?"

நிறம் செத்துப் போயிருந்ததாம்.

அதைவிட மோசமானது பிறகுதான் வந்தது. வளையல்காரி எழுந்து வந்தாள். உனக்கு யாரென்று சொல்லத் தேவையில்லை. கனமூலையிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டின் மூத்த ராத்தா, அர்ஷாத்தின் வாப்பாவுடைய உடன்பிறப்பு, அவனுக்குப் பெரிய மாமி. வயது என்னைப் போலத்தான், ஆனால் நடை இன்னும் அந்த நடைதான். சுவரில் ஒரு கையைத் தொட்டுக் காட்டினாள். நீ அதன் மணிக்கட்டில் தடித்த வளையல் ஒன்றை வைத்திருந்தாயே, அந்தக் கை.

"பாருங்க புள்ளைகள், இது ஆர்ட கை தெரியுமா? என்ட கை! இந்த வளையல் இப்பவும் என்ட கையில கிடக்குது, பாருங்க. அண்டைக்கு ஒரே சஹன்ல நாங்க எல்லாரும் ஒண்டா இருந்து தின்டோம். அல்லாஹ்ட ரஹ்மத், அப்பிடி ஒத்துமை இந்தக் காலத்தில எங்க இரிக்கி?"

பெண்பிள்ளைகள் அவளைச் சுற்றி நின்று போட்டோ எடுத்தார்கள். அவள் தன் கையைச் சுவரிலுள்ள கைக்குப் பக்கத்தில் வைத்துச் சிரித்தாள். என் வாயில் எச்சில் ஊறியது மச்சி. சாப்பாட்டைக் கண்டு ஊறுகிற எச்சில் இல்லை. வாந்திக்கு முன்னால் ஊறுமே, அது.

அவள் பொய் சொன்னாள் என்று நினைக்கிறாயா? நானும் அப்படி நினைத்துத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அவளுடைய முகத்தைப் பார்த்தேன். அவள் நிஜமாகவே நம்புகிறாள். அந்தச் சுவரைப் பார்க்கிற எவரும் நம்பத்தான் செய்வார்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மற்றப் பெண்களுக்குக் கோபம் வந்தால் என்ன செய்வார்கள்? நான் பாத்திரம் கழுவுவேன், தெருவுக்குக் கேட்கும்படி கழுவுவேன். நீ குசினிக் கதவைப் பூசினாய். அதுதான் உன் முதல் சித்திரம். புருஷன் மவுத்தாகி, வெளியே வராமல் இருக்கிற இத்தாக் காலம் முடிந்து நீ எங்கள் வீட்டுக்கு வந்த காலம். உன் ஆட்டை உன்னிடம் ஒரு சொல் கேட்காமல் உன் நானா விற்றுவிட்டார். நீ அழவில்லை. களப்புக்கரையில் வள்ளங்களுக்குப் பூசி மிச்சம் விட்டிருந்த பெயின்ட் தகரத்தைத் தூக்கி வந்து, உள்ளங்கையால் அள்ளிக் கதவில் அப்பினாய். கபிலமும் கறுப்பும். ஆட்டின் கொம்பும் இல்லை, வாலும் இல்லை, கயிறும் இல்லை. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் உன் நானா கடையிலிருந்து வந்து அந்தக் கதவைக் கண்டவர், அப்படியே திரும்பி வீட்டைச் சுற்றிக்கொண்டு முன்வாசலால் வந்தார். பிறகு கனகாலம் அந்தக் கதவால் வரவேயில்லை.

"ஏன், பெயின்ட் காயல்லியா?" என்று கேட்டேன்.

"அந்தக் கதவு என்னப் பாக்குது" என்றார்.

அன்றைக்கு நீ குசினிக்குள் இருந்து சிரித்த சிரிப்பு!

அதற்குப் பிறகு கையில் அகப்பட்ட பலகை, தகரம், மீன் பெட்டியின் மூடி, எல்லாவற்றிலும் பூசினாய். பென்சிலால் ஒரு கோடு கீறிப் பார்த்ததில்லை. தூரிகை என்று ஒன்றை உன் நானா புத்தளத்திலிருந்து வாங்கி வந்து தந்தார், ஆட்டுக்குப் பரிகாரமாக. அதைக்கொண்டு நீ அடுப்படிச் சாம்பலைத் தட்டினாய். விரல்தான் உனக்கு எல்லாம். "குச்சியால தொட்டா எனக்குத் தெரியாது மதினி" என்பாய். சில நாட்கள் பலகைக்கு முன்னால் சும்மா குந்தியிருப்பாய், சோறும் இறங்காது, கதையும் வராது. பிறகு திடீரென்று எழும்பி, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பூசத் தொடங்குவாய். எப்படி இந்த நிறத்தை எடுத்தாய் என்று கேட்டால் உனக்கே சொல்லத் தெரியாது. ஒரு தரம் மட்டும் சொன்னாய்: "முதல்ல வயிறு சொல்லும். பொறகு கை கேக்கும். கண் கடைசியாத்தான் வரும்."

மீன் முதலாளி ஒருவர் தன் வள்ளத்தில் பெயரும் பூவும் எழுதித் தரச் சொல்லி வந்தாரே, ஞாபகமா? நீ கதவுக்குப் பின்னால் நின்று அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னாய்: "இவரப் பாத்து எனக்கு ஒண்டும் வரல்ல மதினி. கொட்டாவிதான் வருது." அர்ஷாத் பிறந்த அன்று மட்டும் யாரும் கேட்காமல் உப்புக் குவியல்களைப் பூசினாய். வெள்ளை இல்லை, பிள்ளையின் உள்ளங்காலின் நிறத்தில். உப்பை அப்படி நான் கண்டதில்லை. ஆனாலும் அது உப்புத்தான், அன்றைய உப்பு.

என் மகளின் கலியாணத்தைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன். அர்ஷாத்தைப் பெற்றவளின் கலியாணம்.

அன்று காலையில் நீ கிணற்றடியில் குந்தியிருந்து கையைத் தேய்த்தாய். முதல் மண்ணெண்ணெய், பிறகு மணல், பிறகு சவர்க்காரம், பிறகு மறுபடியும் மண்ணெண்ணெய். விரல் நுனி எல்லாம் சிவந்து தோல் உரிந்துவிட்டது. வள்ளத்து நீலம், நகத்து இடுக்கில் நூல் போலக் கொஞ்சம் மிச்சம் நின்றது. "போதும் புள்ள, ஆர் பாக்கப் போறா?" என்றேன். "கலியாண ஊடு மதினி. சஹன்ல கை வெக்கணுமே" என்றாய். புதுச் சாறியின் முந்தானைக்குள் கையை ஒளித்துக்கொண்டு நடந்தாய், புதுப்பெண்ணைப் போல.

மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் பாயில் வட்டமாக உட்கார்ந்தார்கள். ஒரு சஹனுக்கு ஆறு பேர். ஐந்து பேர்தான் இருந்தார்கள், ஒரு இடம் குறைந்தது. நான்தான் உன்னைக் கூப்பிட்டு இருத்தினேன், பெண்ணின் மாமி அவர்களோடு இருப்பது மரியாதை என்று. செம்பும் தாம்பாளமும் வந்து எல்லாரும் கை கழுவினார்கள். உப்பைத் தொட்டு நாவில் வைத்தார்கள். பிஸ்மி சொல்லி நீ கையை நீட்டினாய்.

வளையல்காரி உன் விரலைக் குனிந்து பார்த்தாள்.

"இது என்ன மச்சி, நகத்துக்குள்ள?"

"பெயின்ட்."

"பெயின்டா? அல்லாவே! அதுக்குள்ளால தண்ணி போகுமா? இந்தக் கையோட தொழுகைக்கு ஒளு எடுத்தா ஒளு கூடுமா?"

உன் கை தட்டின் விளிம்பிலேயே நின்றது.

"ஒளு உடுங்க ராத்தா, மண்ணெண்ணெய் மணக்குது" என்றாள் அடுத்தவள். "சோத்துக்குள்ள ஊறிட்டுதோ தெரியா."

அவ்வளவுதான். வளையல்காரி சோற்றிலிருந்து கையை இழுத்தாள். விரல்களில் ஒட்டியிருந்த பருக்கையைத் தட்டிலேயே உதறினாள். "எனக்கு நெஞ்செரிவு, நான் பொறகு தின்னுறன்" என்று எழுந்தாள். மற்ற நான்கு பேரும் ஒருவருக்குப் பின் ஒருவராக, ஒவ்வொரு நோயைச் சொல்லிக்கொண்டு எழுந்தார்கள். சம்பந்தி வீடு. கலியாணப் பந்தல். நான் வாயைத் திறந்தால் என் மகள் அந்த வீட்டில் காலம் முழுவதும் கேட்க வேண்டும். நான் செய்ய முடிந்தது ஒன்றுதான். கையைக் கழுவிக்கொண்டு வந்து உன் முன்னால் உட்கார்ந்தேன். ஆறு பேரின் சோறு, நாம் இரண்டு பேர்.

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். நீ சாப்பிட்டாய். மெதுவாக, ஒழுங்காக, உன் பக்கத்துச் சோற்றை ஒரு பருக்கை விடாமல். "சோறு என்ன செஞ்சிச்சு மதினி? தின்னுங்க" என்றாய். பிறகு அந்தப் பெண்கள் கைவைத்துவிட்டுப் போன ஐந்து குழிகளையும் பார்த்துக்கொண்டே இருந்தாய். அவர்கள் போன திசையைப் பார்க்கவில்லை. குழிகளைத்தான் பார்த்தாய்.

கலியாணக் கலகலப்பு எல்லாம் அடங்கிய பிறகு, குசினியின் பின்பக்கம் ஏதோ அழுகிய நாற்றம். எலி செத்துவிட்டது என்று நான் எல்லா மூலையையும் கிளறினேன். பார்த்தால் நீ ஒரு கோப்பையில் கலியாணச் சோற்றில் ஒரு பிடியை எடுத்து வைத்து, அதைப் புளிக்கவிட்டு, மூடாமல் முன்னால் வைத்துக்கொண்டு குந்தியிருக்கிறாய்.

"பைத்தியமாடி உனக்கு? பரக்கத்தான சோறு! கொட்டு அதை!"

"கொட்ட வேணாம் மதினி. அது இன்னம் வரல்ல."

"என்ன வரல்ல?"

"அண்டைக்கு என்ட தொண்டைக்குள்ள வந்து நிண்டிச்சே, அது. கிட்ட வந்திட்டுது. இன்னம் கொஞ்சம் நாறணும்."

நான் உன்னோடு கதைக்காமல் இருந்தேன். நீ கவனிக்கவே இல்லை. மஞ்சளை எடுத்தாய், பச்சையைக் கலந்தாய், மோந்து பார்த்தாய், தலையாட்டினாய், வழித்து எறிந்தாய். மறுபடி கலந்தாய். ஒரு கலவையைக் கண்டதும் உன் வாய் கோணி, தோள் குலுங்கி, ஓங்காளித்தாய். கண்ணில் தண்ணீர் வந்தது. "ஓம், இதுதான்" என்றாய். உன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் கண்டதில்லை.

பூசி முடித்து என்னைக் கூப்பிட்டாய். நான் உள்ளே வந்து ஒரு தரம் பார்த்துவிட்டு வாசலுக்கு ஓடினேன். சோறு இருந்தது, ஆனால் அதை யாரும் தின்ன முடியாது. ஐந்து கைகளும் கரையில் கொட்டிய மீன் போல வெளுத்து, ஊதி, அந்தச் சோற்றிலிருந்து வழுக்கிப் போய்க்கொண்டிருந்தன. நடுவில் ஒரே ஒரு நீலக் கை, எங்கும் போகாமல்.

"முகம் ஏன் வெக்கல்ல? உசிருள்ளத வரையக் கூடாதெண்டு பயந்தா?" என்று கேட்டேன்.

"முகத்த நான் பாக்கல்லியே மதினி. கையத்தானே பாத்தன்."

பிறகு என்னிடம் வாக்கு வாங்கினாய். "இது என்னெண்டு உங்கட மகளுக்குச் சொல்ல வேணாம். அவட கலியாணச் சோறு. அவட வாயில இது படக் கூடாது." நான் சொல்லவில்லை. அவளுக்கும் சொல்லவில்லை, அவள் பெற்றதுக்கும் சொல்லவில்லை. அதனால்தான் அர்ஷாத், தாய் தகப்பனின் கலியாண விருந்து என்று சந்தோஷப்பட்டு, அதைச் சுவரில் ஏற்றினான். பிள்ளை மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அருவருப்புக்குக் கோபம் தேவையில்லையே, அது தானாக வருகிறது.

அன்றைக்கு அந்தச் சுவருக்கு முன்னால் நின்றபோதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. ஒரு கையைக்கூட அவர்கள் அசைக்கவில்லை. விரல் வளைந்த விதம், மணிக்கட்டு சாய்ந்த விதம் எல்லாம் நீ வைத்தது வைத்தபடி. நிறத்தை மட்டும் மாற்றினார்கள். மாற்றியதும் ஐந்து கைகளும் திரும்பிவிட்டன. சோற்றை விட்டுப் போய்க்கொண்டிருந்த கைகள், சோற்றை நோக்கி வருகின்றன. நீ ஓங்காளித்து எடுத்த அந்த ஒரு பச்சையில்தான் எல்லாம் இருந்திருக்கிறது. அதைத் துடைத்தால் வளையல்காரி ஒற்றுமையாகச் சாப்பிட்டவள் ஆகிவிடுகிறாள்.

மண்டபத்தின் முதல் சஹனை அந்தச் சுவருக்குக் கீழேதான் வைத்தார்கள். மூத்தவள் என்று என்னை இருத்தினார்கள், எனக்கு எதிரில் அவளை. அவள் தன் பக்கத்து இறைச்சியைப் பிய்த்து என் பக்கம் தள்ளினாள். "தின்னுங்க, வயசு போன நேரம் என்ன வெக்கம்?" நான் உப்பை நாவில் வைத்தேன். அதற்கு மேல் கை போகவில்லை. நெஞ்செரிவு என்று சொல்லலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. சீ, அந்தப் பேச்சை என் வாயால் சொல்வதா என்று அப்படியே இருந்தேன், எல்லாரும் சாப்பிட்டு முடியும்வரை.

திரும்பி வரும்போது அர்ஷாத் வானை ஓட்டிக்கொண்டே சொன்னான்: "உம்மம்மா, பலகையையும் கொண்டு வந்து கண்ணாடிக்குள்ள வெக்கப் போறன். வாறவங்க அசலக் கேக்கிறாங்க. அசல் அழுக்கா இரிந்தா சரியில்லியே. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பொறகு ஒரு பெயின்ட் பாஸ் வருவார். செவத்தில உள்ள நிறத்தையே பலகைக்கும் பூசித் தருவார். புதுசு போல வரும்."

நான் என்ன பேச? சொல்லக்கூடாது என்று உனக்குத் தந்த வாக்கு ஒரு பக்கம். சொல்லாவிட்டால் உன் பச்சைக்கு மேலே அந்த மஞ்சள். அதன் பிறகு நடந்தது நடந்ததற்கு இந்த உலகத்தில் வேறு சாட்சி கிடையாது. என் கண்ணும் எத்தனை நாளைக்கு?

மண்டபத்திலிருந்து வாளியில் சோறு கொடுத்து அனுப்பியிருந்தார்கள். வீட்டில் எல்லாரும் சாப்பிட்டார்கள். நான் ஒரு பிடியைக் கோப்பையில் எடுத்தேன். அல்லாஹ் மன்னிக்கட்டும், ஒரு பிடிதான்.

பெயின்ட்காரர் வருவதற்கு முதல் நாள் அர்ஷாத் பலகையை அளக்க வந்தான், அதாவது இன்றைக்கு. வாசலிலேயே நின்றுவிட்டான்.

"உம்மம்மா! என்ன நாத்தம் இது?"

"உள்ளுக்கு வந்து கதவச் சாத்து."

"சாத்தினா நான் மவுத்துதான்."

"சாத்துடா. சாத்திட்டு அந்தப் பலகையத் திருப்பு."

என் முகத்தில் எதைக் கண்டானோ, பகிடியை விட்டுவிட்டுச் சாத்தினான். ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மற்றக் கையால் பலகையைத் திருப்பினான்.

"மூக்க உடு. உட்டிட்டுப் பாரு."

விட்டான். பார்த்தான். முதலில் கோப்பையைப் பார்த்தான், பிறகு பலகையை, மறுபடி கோப்பையை. அவன் தொண்டை ஏறி இறங்குவது எனக்குத் தெரிந்தது. முதலில் வயிறு என்று நீ சொன்னாயே. நான் வாயைத் திறக்கவில்லை மச்சி. உன் வாக்கில் நின்றேன்.

"உம்மம்மா" என்றான். "இவங்க தின்ன வரல்ல."

கோப்பையை அவன் பக்கம் தள்ளினேன்.

"எழும்பிப் போறாங்க."

வெளியே கோழி கத்தியது. நான் அதைக் கேட்பவள் போல இருந்தேன். அவன் நீலக் கைக்குக் கிட்டக் குனிந்தான். உன் தோளில் கிடந்து வளர்ந்தவன், உன் விரல் என்ன நிறம் என்று அவனுக்கு யார் சொல்ல வேண்டும்?

"இது மாமி." பிறகு, "அந்த வளையல்..." என்று தொடங்கியவன் கதவைத் திறந்துகொண்டு கிணற்றடிக்கு ஓடினான். அவன் ஓங்காளிக்கிற சத்தம் இங்கே கேட்டது. எனக்கு அது குர்ஆன் கிராஅத் போல இனித்தது. என் பேரன் மேல் நான் பெருமைப்பட்ட இடங்களில் இதையும் எழுதிக்கொள்.

முகத்தைக் கழுவிவிட்டு வந்து என் கட்டிலின் ஓரத்தில் இருந்தான். "ஏன் எனக்கு முன்னமே சொல்லல்ல?"

"எனக்கிட்டக் கேக்காத. அந்தா நிக்குது, அதுக்கிட்டக் கேளு."

"உம்மாக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"நானும் சொல்ல மாட்டன்" என்றான். நான் கேட்காமலே. அங்கிருந்தே பெயின்ட்காரருக்குப் போன் எடுத்து, "நாளைக்கு வர வேணாம் நானா. இல்ல, பொறகும் வேணாம்" என்றான். பிறகு தலையைச் சொறிந்தான். வியாபாரிதானே.

"உம்மம்மா, இத இப்பிடியே மண்டபத்தில வெச்சா ஒரு ஆளும் சோறு தின்னாது."

"ஆர் வெக்கச் சொன்ன? இது இங்கயே நிக்கும். செவத்தில உள்ளதக் கழட்டு."

"கழட்டினா பெரிய மாமிக்கு என்ன சொல்ற? அவ ஊரெல்லாம் கையக் காட்டித் திரியிறா."

"உங்கட கைய உங்களுக்கே திருப்பித் தந்திட்டோம் எண்டு சொல்லு."

சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் என்னைப் பார்த்தான். போவதற்கு முன்னால் போனை எடுத்துப் பலகைக்கு நேரே பிடித்தான். நான் குறுக்கே கையை வைத்தேன். "வேணாம். உன்ட போனுக்கு மூக்கு இல்ல." வைத்துவிட்டான். கழற்றிய இடத்தில் வேறு ஏதாவது போடட்டுமா, பூந்தோட்டம், நீர்வீழ்ச்சி, ஏதாவது? என்று கேட்டான். ஒன்றும் வேண்டாம் என்றேன். கழற்றுவான் என்றுதான் நினைக்கிறேன். அச்சடிக்கக் கொடுத்த காசு அவனுக்கு வலிக்கும், வளையல்காரியின் வாய் அதைவிட வலிக்கும். ஆனாலும் அவன் வயிறு ஒரு தரம் சொல்லிவிட்டது, இனி அதை மறக்க முடியாது.

மருமகளின் நிம்மதிக்காக இந்த மடலை முடித்ததும் கோப்பையைக் கழுவுவேன். பலகையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு அஸர் தொழ வேண்டும். நீ போனதிலிருந்து எந்தச் சஹனில் உட்கார்ந்தாலும் நான் முகங்களைப் பார்ப்பதில்லை மச்சி. கைகளைத்தான் பார்க்கிறேன். எந்தக் கை வருகிறது, எந்தக் கை போகப் பார்க்கிறது என்று என் வயிற்றுக்குத்தான் முதலில் தெரிந்துவிடுகிறது. போகப் பார்க்கிற கை ஒன்று இருந்தால், அது யாரைக் கண்டு போகிறதோ அவளுக்குப் பக்கத்தில் தள்ளிப்போய் உட்காருவேன். அவளுக்குக் காரணம் தெரியாது. நன்றாகச் சாப்பிடுகிற கிழவி என்று நினைப்பாள், நினைக்கட்டும்.

அர்ஷாத் வானில் ஏறிய பிறகும் நான் படலை வரைக்கும் போய் அவனை மறித்தேன். கழற்றினாயா இல்லையா என்று எனக்குத் தெரிய வேண்டும், போன் படம் என் கண்ணுக்குப் பிடிபடாது, இரண்டு விரலால் இழுத்து இழுத்துப் பார்க்கிற வேலை என்னால் ஆகாது என்றேன். பாலாவியிலிருந்து கற்பிட்டிக்குத் தபாலா உம்மம்மா என்று சிரித்தான். ஓம், தபால்தான்.

"செவரு முழுக்க வெள்ளையா, ஒண்டும் இல்லாம இரிக்கணும். புதுப் போட்டோ ஒண்டு எடுத்து, கடதாசியில அடிச்சு, முத்திரை ஒட்டிப் போடு வாப்பா."